கேபிளை நிறுத்தப் போகிறோம்: சர்வர் படம் திக்குகிறது, ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

கேள்வி:
அடுத்த மாதம் கேபிளை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறோம். கையில் இருப்பது: எச்டிஎம்ஐ உள்ள பழைய 32 இன்ச் டிவி, ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் (டிஸ்க்கில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்), யுஎஸ்பியில் 2 டிபி டிஸ்க். எல்லாமே வைஃபைதான். ஓடிடி நன்றாக ஓடுகிறது. டிஸ்க்கில் உள்ள படங்களில் சில மட்டும் நின்று நின்று சுற்றுகிறது, சப்டைட்டில் போட்டால் நகரவே மாட்டேன் என்கிறது. நடுவில் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் வேறு. அம்மாவுக்கு சீரியலும் செய்தியும் வர வேண்டும். எதில் தொடங்க?

வயர்மேன்:
ஸ்டிக்குக்கு கரண்ட் டிவியின் யுஎஸ்பியிலிருந்து போகிறதா? பழைய டிவிகளில் அங்கே பெரும்பாலும் 500 மில்லி ஆம்பியர்தான். மெனு பார்க்க அது போதும். வீடியோவும் வைஃபையும் சேர்ந்து இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கி ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரை சுவர் பிளக்கில் போடுங்கள். ஸ்டிக்கோடு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வந்திருந்தால் அதையும் மாட்டுங்கள். டிவி முதுகில் ஒட்டிக்கிடந்தால் வைஃபை சிக்னலும் அடிபடும், சூடும் ஏறும்.

டிரான்ஸ்கோட்_எதிரி:
படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டேஷ்போர்டைப் பாருங்கள். டைரக்ட் பிளே என்று இருந்தால் பை சும்மா ஃபைலை எடுத்துக் கொடுக்கிறது, அதற்கு ஒரு சிரமமும் இல்லை. டிரான்ஸ்கோட் என்று இருந்தால் படத்தையே மாற்றி எழுதுகிறது. அந்த வேலைக்கு அது ஆள் இல்லை. ஸ்டிக்கில் உள்ள ஆப்பில் அதிகபட்ச பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) குறைத்து வைத்திருந்தாலும் டிரான்ஸ்கோட்டுக்குப் போகும், அதை ஏற்றி வையுங்கள்.

அடுத்து, பையை ரவுட்டரோடு லேன் வயரில் இணையுங்கள். இப்போது ஒரே படம் பையிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து ஸ்டிக்குக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது. ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடாப்டர் மாற்றியதும் ரீஸ்டார்ட் நின்றது, நன்றி. திக்குகிற படங்களில் டிரான்ஸ்கோட் என்றுதான் காட்டுகிறது. சப்டைட்டில் வகை பிஜிஎஸ்.

டிரான்ஸ்கோட்_எதிரி:
அதேதான். பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, இமேஜாக இருக்கும். ஆப் அதை நேரடியாகக் காட்டாவிட்டால் சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பதித்து அனுப்ப வேண்டும். எஸ்ஆர்டி ஃபைலை (வெறும் எழுத்தாக உள்ள சப்டைட்டில்) வீடியோவின் அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்து அதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மேல் டிஸ்க் மாட்டும் எண்ணம் இருந்தால் கவனம்: பை 4-ன் நான்கு யுஎஸ்பிக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வாங்குங்கள்.

மொட்டைமாடி:
அம்மாவின் சீரியல் எந்த சேனல் என்று முதலில் பாருங்கள். சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட். அந்த ஆப்பை ஹோம் ஸ்கிரீனில் முதலாவதாக நகர்த்தி வையுங்கள். நெட் படுத்தால் கைகொடுக்க டிடி ஃப்ரீ டிஷ் ஒன்று இருக்கட்டும், மாதக் கட்டணம் இல்லை. டிடி தமிழ் வரும், சன் டிவி வராது. சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கு. சென்னை என்றால் தென்கிழக்கே, ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில். தென்னை மட்டை குறுக்கே வராத இடமாகப் பாருங்கள்.

கிரிக்கெட் நேரலை ஆப்பில் கேபிளைவிடப் பின்தங்கித்தான் வரும். பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தால் விக்கெட் விழுந்தது சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதற்கு வைத்தியம் இல்லை.