மேசையில் ஓடியது, களத்தில் நின்றது: காம்பாட் ரோபோ (களத்தில் மோதவிடும் ரிமோட் ரோபோ) கட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டிரம்_திருச்சி:

எட்டு கிலோ பிரிவு, டிரம் ஸ்பின்னர் (பல் வைத்த உருளையைச் சுழற்றி எதிராளியை அடிக்கும் ரோபோ), 3எஸ் பேக் (மூன்று செல் லைப்போ பேட்டரி, 11 வோல்ட் பக்கம்). எல்லாரும் கட்டும் அமைப்புதான். களத்தில் இறக்கி டிரம்மை ஏற்றியதும் சக்கரம் இரண்டும் செத்துவிட்டன. ஒரு விநாடி கழித்து உயிர் வந்தது. மறுபடி டிரம்மைத் தொட்டால் மறுபடி அதே கதை. மேல் தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவது எனக்குக் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? எதிராளி ஆயுதத்தை எடுக்கவே இல்லை. நிதானமாக மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள், பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பெக் என்ற பகுதியிலிருந்துதான் ரிசீவருக்கு 5 வோல்ட் போகிறது. நின்ற டிரம் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட்டில் பேக் வோல்டேஜ் சரிய, ரிசீவர் அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. மேசையில் சக்கரங்கள் அந்தரத்தில் சும்மா சுற்றின, பளுவே இல்லை, அதனால் அங்கே இது காட்டவே இல்லை. இப்போது ரிசீவருக்குத் தனியாக ஒரு சின்ன 2எஸ் பேட்டரியும் தனி பெக்கும் வைத்துவிட்டேன், பிரச்சினை போய்விட்டது. ஆனால் அடி வாங்கித் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடியே விழாமல் தோற்றது இன்னும் உறுத்துகிறது.

சால்டர்_அம்பத்தூர்:

திருச்சி நண்பரே, பிரச்சினை போகவில்லை, மறைந்திருக்கிறது. 11 வோல்ட் பேக் 6 வோல்ட் பக்கம் இறங்கினால்தான் 5 வோல்ட் பெக் தடுமாறும். நல்ல பேக் அவ்வளவு சரியாது. வழியில் எங்கோ தடை உட்கார்ந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 80 ஆம்பியர் ஓடும்போது ஒரு இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் அங்கேயே 4 வோல்ட் காலி.

எங்களுக்கு நடந்தது இதுதான். வெளியே பார்க்க, பேட்டரியை இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டரில் சால்டர் பளபளவென்று அழகாக இருந்தது. ஒரு மோதலுக்குப் பிறகு ரோபோ அப்படியே நின்றுவிட்டது. திறந்து வயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நுனியில் வெளி இழைகளில் மட்டும் ஈயம், உள் இழைகள் எல்லாம் புதுச் செம்பு நிறத்தில் அப்படியே இருந்தன. 12 கேஜ் தடித்த வயரை 25 வாட் சால்டரிங் இரும்பால் சூடாக்கினால் அப்படித்தான் வரும். கனமான வயருக்கு 60 வாட்டாவது வேண்டும், தட்டை முனை வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும், பெரிய விலை இல்லை. தனி பேட்டரி வைப்பதற்கு முன்னால் மீட்டரைக் கனெக்டரின் இரு பக்கமும் வைத்து, பளு ஏற்றி, எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பாருங்கள்.

லைப்போ_மதுரை:

சால்டர் அண்ணா, எல்லாவற்றுக்கும் சால்டரைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வயதான பேக்கும் இதையே செய்யும், உள் தடை கூடிப்போயிருக்கும். கொஞ்சம் நல்ல சார்ஜராக இருந்தால் ஒவ்வொரு செல்லின் உள் தடையையும் திரையில் காட்டும். அதை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. பக்கத்து மேசைக்காரர் மோதல் முடிந்து ரோபோவைத் திறந்தார். பேக்கின் ஓரத்தில் பிளேடு கீறிய தடம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பூரி போல உப்பியது. யாரோ மணல் வாளியை இழுத்து வந்து அதற்குள் தள்ளியதும்தான் புகை வந்தது. அந்த இனிப்பான ரசாயன வாடை அடித்தால் இன்றைக்கும் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

அதனால் சொல்கிறேன், தயவு செய்து கேளுங்கள். மோதல் முடிந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். 2200 எம்ஏஎச் பேக் என்றால் 2.2 ஆம்பியரில் ஏற்றுங்கள், அவசரம் என்று கூட்டாதீர்கள். முழு சார்ஜ் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை நம்பாதீர்கள். போட்டி முடிந்து வீட்டில் வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழுதாக ஏற்றி அலமாரியில் போட்டால் பேக் சீக்கிரம் கெடும். பேக்கைச் சுற்றி ஃபோம் வையுங்கள், பக்கத்தில் திருகு முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்று, திருகு கழலாமல் இருக்க லாக்டைட் பசை போடுபவர்கள் பாலிகார்பனேட் தகட்டில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடத்தில் விரிசல் விழும்.

கணபதி_லேத்:

நீங்கள் எல்லாரும் கரண்ட்டையே பேசுகிறீர்கள். நான் இரும்பு பற்றிச் சொல்கிறேன்.

சீனியர்கள் விட்டுப்போன டிரம் எங்களிடம் இருந்தது. பல் ஹார்டாக்ஸ் 500, அதாவது பிரினெல் என்ற கடின அளவில் ஏறக்குறைய 500. டிப்பர் லாரித் தொட்டிக்குப் போடுகிற ரகத் தகடு. முதல் மோதலிலேயே பல் மடங்கிக்கொண்டது. ஏமாற்றித் தகட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் எதுவும் பேசவில்லை. அரத்தை எடுத்துப் பல்லின் நுனியில் இழுத்தார், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதே அரத்தை வெல்டு ஓரத்தில் இழுத்தார், பொடி உதிர்ந்தது. “வெல்டு சூட்டுல பதம் எறங்கிருச்சு தம்பி, இனி இது சாதா இரும்பு மாதிரிதான்” என்றார். இந்த ரகத் தகடு 250 டிகிரிக்கு மேல் சூடானாலே கடினம் குறைய ஆரம்பிக்கும், வெல்டு ஓரமோ அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

அதிலிருந்து பல்லைச் சூடேறாத வாட்டர்ஜெட்டில் (நீர்த்தாரையில்) வெட்டி, வெல்டு இல்லாமல் 12.9 என்ற உறுதியான தரப் போல்ட்டில் முடுக்குகிறோம். பல்லின் எண்ணிக்கையும் முக்கியம். டிரம் நிமிஷத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100. எதிராளி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால், இரண்டு பல் டிரம்மில் ஒரு பல் போய் அடுத்த பல் வருவதற்குள் அவர் 10 மில்லிமீட்டர்தான் உள்ளே வருவார். ஒரே பல் என்றால் 20 மில்லிமீட்டர், ஆழமாகக் கடிக்கும். எதிர்ப்பக்கம் எடை வைத்துச் சமன் செய்யவேண்டும், அந்த வேலையை லேத்காரரிடமே விட்டுவிடுங்கள். மதுரை நண்பர் சொன்ன 3.8 வோல்ட் சரிதான். ஆனால் பேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல் மடங்கினால் என்ன பயன்?

சேஃப்டி_முதலில்:

திருச்சி நண்பர் சொன்னதில் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. ரிசீவர் அணைந்த அந்த ஒரு விநாடியில் டிரம் என்ன செய்தது?

நாங்கள் மோதிய அணியின் டிரான்ஸ்மிட்டர் மோதல் முடியும் நேரத்தில் அணைந்துவிட்டது. அவர்களுடைய பார் ஸ்பின்னர் (நீளமான இரும்புப் பட்டையைச் சுழற்றும் ரோபோ) நிற்கவில்லை. ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) அமைக்காவிட்டால் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் ரோபோ கவிழ்ந்து கிடக்கிறது, அதன் பக்கத்தில் பார் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கிறது. எங்கள் பையன் ஒருவன் களத்தின் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். ஒருங்கிணைப்பாளர் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பேக் வடிந்து பார் தானாக நிற்கும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

போட்டிக்கு முன்னால் ஃபெயில்சேஃபைச் சோதியுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பார் அல்லது டிரம்மின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நின்றால் பெல்ட்டை மாட்டலாம். நிற்கவில்லை என்றால் அந்த ரோபோவைக் களத்துக்குக் கொண்டுவராதீர்கள், எந்த அணியாக இருந்தாலும் சரி.