‘டு’வா, ‘இங்’கா? ஆங்கில ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு நானே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வினைக்குப் பின் இன்னொரு வினை வரும்போது, முதலில் ‘என்ஜோய்’, ‘எவொய்ட்’, ‘பினிஷ்’ வந்தால் அடுத்த வினையோடு ‘இங்’ (ing), ‘வான்ட்’, ‘டிசைட்’, ‘ஹோப்’ வந்தால் ‘டு’ (to) என்று பாடமாக்கிவிட்டாள். இரண்டையும் ஏற்கும் வினைகள்தான் தலைவலி. ‘ஸ்டொப் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதையே விடுவது. ‘ஸ்டொப் டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காக நிற்பது. இதைச் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள். கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்றால் ‘ரிமெம்பர் லொக்கிங்’, பூட்ட மறக்காதே என்றால் ‘ரிமெம்பர் டு லொக்’ என்றேன். அப்படியானால் ‘ஸ்டார்ட்’டில் மட்டும் ஏன் பொருள் மாறுவதில்லை என்று மடக்குகிறாள். (கேள்வி கேட்பதில் குறைவில்லை.)

வெறும் பட்டியல் வேண்டாம். தமிழ் விளக்கத்துடன் வாக்கியப் பயிற்சி தரும் நூல் கொழும்பில் எங்கே கிடைக்கும்? வகுப்பில் இதை எந்த வினையிலிருந்து தொடங்குவீர்கள்?