ரெண்டு இடம், நாலு கார்ட்: ஆரை எடுக்கிறது?

ஆறாவது ஆள்:

யாழ்ப்பாணத்துக் கழகக் கூடைப்பந்து ரீம் ஒண்டுக்கு இந்த முறை ரெண்டு கார்ட் (வெளியில நிண்டு பந்தைக் கொண்டுபோற, பாஸ் குடுக்கிற ஆக்கள்) எடுக்க வேணும். பழைய பொயின்ற் கார்ட் கனடா போயிட்டான். இப்ப பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோக நம்பிக்கையான ஆள் இல்லை. 6 அடி 4 அங்குல சென்ரர் (கூடைக்குக் கிட்ட நிண்டு விளையாடுற ஆள்) ஒருத்தன் இருக்கிறான், நல்ல கை. ஆனா பந்து அவனிட்டப் போய்ச் சேருறதில்லை. விளையாடுறது பெரும்பாலும் வெளியில, சீமெந்துக் கோர்ட்டில. இடைக்கிடை கொழும்பில உள்ளரங்கு மட்ச் வரும்.

பேர் போடேல்லை, பெடியள் வாசிப்பாங்கள்.

அ: 5'6", 19 வயது. ரெண்டு கையாலும் பந்து தட்டுவான், தலை நிமிர்ந்திருக்கும், பாஸ் வடிவா வரும். ஆனா ஷொட் எடுக்கப் பயம்.

ஆ: 5'10", 19 வயது. மூன்று புள்ளி அடிக்கிற ஆள். இடக்கை சும்மா தொங்குது, காலும் மெதுவு.

இ: 6'1", 17 வயது. பள்ளிக்கூட ரீமில ஃபோர்வேர்ட். நீளமான கை, ஆரையும் மறிப்பான். ட்ரிபிள் (நிலத்தில தட்டுற பந்து) இடுப்புக்கு மேல எழும்புது. அடுத்த வருஷம் ஏ.எல் சோதினை.

ஈ: 5'8", 20 வயது. நாலு பேரிலும் வேகமானவன், பள்ளிக்கூட மட்சில கனக்கப் புள்ளி எடுத்தவன். எல்லாமே வலப்பக்கம் வெட்டிப் போய்க் கூடைக்குக் கிட்ட நிண்டு போடுற லே அப். கை போட்டுப் போட்டு ஃபவுல் வாங்குவான்.

கமிற்றியில பாதிப் பேர் ஈ எண்டு நிக்கினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?

இடக்கை:

முதல் இடம் அ. அதில விவாதம் வேண்டாம்.

உங்கட குறை புள்ளி இல்லை, பந்து போய்ச் சேராததுதான். எதிர் ரீம் முழுக் கோர்ட் பிரஸ் போட்டால், அதாவது கோர்ட் முழுக்க விடாமல் மறிச்சால், 8 செக்கனுக்குள்ள நடுக்கோடு தாண்ட வேணும். தாண்டின உடன வாற மூலைதான் சவக்குழி: ஒரு பக்கம் பக்கக்கோடு, பின்னால நடுக்கோடு. திரும்பிப் பின்னுக்குப் போனால் பக்கோர்ட் வயலேஷன், பந்து எதிராளிக்கு. ரெண்டு பேர் அங்க வைச்சு ட்ரப் பண்ணுவாங்கள், வழியில்லாமல் மடக்கிறது. வலக்கை மட்டும் உள்ள பெடியனை இடப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து அந்த மூலையில விடுறது ஒரு நல்ல கோச்சுக்கு அஞ்சு நிமிஷ வேலை. ஈயை எடுத்தால் முதல் ரெண்டு மட்ச் ஓடும், மூண்டாவதில எல்லாருக்கும் ஆளைத் தெரிஞ்சிடும்.

ட்ரப் வரேக்க பாக்க வேண்டியது ஒண்டுதான்: பந்தைக் கையில எடுக்கிறானோ, தட்டிக்கொண்டே ரெண்டு அடி பின்வாங்குறானோ. எடுத்திட்டால் 5 செக்கன் எண்ணத் தொடங்கும், அதுக்குள்ள பந்தை விட வேணும், மிச்சம் எதிராளியின்ர விருப்பம். பின்வாங்கினால் ரெண்டு பேருக்கும் நடுவில இடைவெளி விழும், பாஸ் போகும்.

அ குள்ளன், ட்ரப்புக்கு மேலால பாக்க ஏலாது. அதாலதான் ரெண்டாவது ஆள் உயரமா இருக்க வேணும் எண்டுறன். இ நடுவில வந்து நிண்டு வாங்கினால் அ மேலால எறியத் தேவையில்லை, நிலத்தில அடிச்சுக் குடுத்தால் காணும். அ + இ. முடிஞ்சுது.

சோளகம்:

முடியேல்லை. அ + இ எண்டால் ஷொட் அடிக்கிறது ஆர்?

இஞ்ச முக்கால்வாசி ரீம் போடுறது 2-3 ஸோன்: ரெண்டு பேர் முன்னால, மூண்டு பேர் கூடைக்குக் கிட்ட, இடம் பிரிச்சு மறிக்கிறது. வெளியில அடிக்க ஆள் இல்லை எண்டு தெரிஞ்சால் கீழ்வரிசை மூண்டு பேரும் உங்கட சென்ரரைச் சுத்தி வேலி அடைச்சிடுவாங்கள். அ எவ்வளவு வடிவாப் பாஸ் குடுத்தும் உள்ளுக்குப் போக வழி இராது. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீற்றர், மூலையில மட்டும் 6.60. அந்த ரெண்டு இடத்திலையும் ஆ சும்மா நிண்டாலே ஸோன்காரன் ஒருத்தன் வெளியில இழுபடுவான். சென்ரருக்கு வேண்டியது அந்த ஒரு ஆள் விலகுறதுதான்.

ஆனா ஆவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லேல்லை. முதல் ஷொட்டைச் சோதியுங்கோ. எத்தினை விழுந்தது எண்டதை விட, தவறினது எந்தப் பக்கம் எண்டதைப் பாருங்கோ. முன் ரிம்மிலயும் பின் ரிம்மிலயும் மாறி மாறிப் பட்டால் கால் களைச்சிருக்கு, தூரம் பழகேல்லை. அது திருந்தும். இடம் வலமாச் சிதறினால் முழங்கை வெளியில போகுது, இல்லாட்டி தாங்கு கையின்ர பெருவிரல் பந்தைத் தள்ளுது. 19 வயதில அதை மாத்துறது பெரிய பாடு. சோளகக் (தென்மேற்குக் காத்து) காலத்தில ஒரு பக்கக் கூடையில மட்டும் அடிக்க விட்டால் காத்து பொய் சொல்லும். பாதி ஷொட் அந்தக் கூடை, பாதி இந்தக் கூடை எண்டு வையுங்கோ. காத்து எண்டால் தவறுற பக்கம் மாறும். கை எண்டால் மாறாது.

இன்னொண்டு. பள்ளிக்கூட மட்சில ஷூட்டருக்கு ஆரும் ஓடி வந்து கை தூக்குறதில்லை, அதால நெஞ்சில இருந்து தள்ளுற ஷொட்டும் விழும். ஒருத்தரைத் தும்புத்தடியை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு ஆவுக்கு முன்னால ஓடி வரச் சொல்லுங்கோ. தடி பந்தில பட்டால் அவன்ர ஷொட் பெரியாக்களின்ர மட்சுக்கு ஆகாது.

பழைய பலகை:

இரண்டு பேரும் தங்களுக்குப் பிடித்த ஆளிலிருந்து தொடங்குகிறீர்கள். வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ரீமுக்கு இருக்கும் வேலைகள்: அழுத்தத்தில் பந்தைக் கடத்துவது, ஸோனை விரிப்பது, எதிர் ரீமின் நல்ல கார்டை மறிப்பது. ஒருவர் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும். ஒரே வேலைக்கு இருவரை எடுப்பது பெரிய ரீம்களே செய்த பிழை. 2009இல் அமெரிக்க என்.பி.ஏ லீக்கின் ட்ராஃப்டில் (ரீம்கள் முறைவைத்துப் புது ஆட்களை எடுப்பது) மினசோட்டா 5ஆம், 6ஆம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு பொயின்ற் கார்ட்களை எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜொனி ஃப்ளின். 7ஆவதாகக் கோல்டன் ஸ்டேற்றுக்குப் போனவர் பிறகு பெரிய நட்சத்திரமான ஸ்டெஃபன் கரி. ரூபியோ ஸ்பெயினிலேயே நின்று 2011இல்தான் வந்து சேர்ந்தார். ஃப்ளினுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது, பிறகு அவர் ஆட்டம் எடுபடவில்லை.

ரூபியோ கதையில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நேரடிக் கேள்வி இருக்கிறது: எடுத்த ஆள் வந்து நிற்பாரா? இதை ட்ரிபிளுக்கு முன்னரே கேட்க வேண்டும். அ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ மொறட்டுவைக்கோ போகிறவரா? யாருக்காவது வெளிநாட்டு விசா அலுவல் நடக்கிறதா? இக்கு ஏ.எல் வருடத்தில் கிழமைக்கு எத்தனை நாள் பின்னேரம் ரியூஷன்? வீட்டாரோடு நேரே கதையுங்கள். பெடியன் சொல்வது வேறு, தாய் சொல்வது வேறாக இருக்கும்.

ஷூட்டிங் பற்றி ஒன்று. மூன்று புள்ளிச் சதவீதத்தை விட ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) அதிகம் சொல்லும். தூரம் மாறாது, மறிக்க ஆள் இல்லை, தெரிவது கையின் ஒழுங்கு மட்டும். மார்க்கெல் ஃபுல்ற்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளியில் 41 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 65 அளவில். 2017இல் பிலடெல்ஃபியா அவரை முதலாவதாக எடுத்தது. ரைரீஸ் மக்சி கல்லூரியில் மூன்று புள்ளியில் 29தான், ஃப்ரீ த்ரோவில் 83. 2020இல் அதே பிலடெல்ஃபியா அவரை 21ஆவதாக எடுத்தது. அடுத்த சில வருடங்களில் மூன்று புள்ளியில் 40ஐத் தாண்டியவர் மக்சி, ஃபுல்ற்ஸ் அல்ல. எனவே 'பயந்தவன்' என்று 'அ'வை ஒதுக்க முன்னர் ஃப்ரீ த்ரோ அடிக்க விட்டுப் பாருங்கள். அது விழுந்தால் அவருக்கு இல்லாதது ஷொட் அல்ல, அடிக்கச் சொல்லும் கோச்.

ஈ பற்றி: 5 ஃபவுலோடு ஆள் வெளியே. அதை விடப் பெரிய சேதம், ஒரு கால்பகுதியில் ரீமின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கை போடுபவர் ரீமுக்கே கடன் வைக்கிறார். பள்ளிப் புள்ளிக் கணக்கைக் காட்டும் கமிற்றிக்காரருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆறாவது ஆள்:

நன்றி. அ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்தானாம், இஞ்சதான் நிப்பான். இயின்ர வீட்டில கிழமையில ரெண்டு நாள் எண்டால் சம்மதம். ஆவும் ஈயும் வேலை தேடுகினம். ஒரே ஒரு பின்னேரம்தான் கோர்ட் கிடைக்குது, 4 மணியில இருந்து இருட்டும் வரை. என்ன செய்து பாக்கலாம்?

இடக்கை:

முதல் கோர்ட்டைக் கூட்டுங்கோ. மணல் கிடந்தால் காலும் சறுக்கும், பந்தும் ஒழுங்கா எழும்பாது, பேந்து எல்லாரும் ஒரே மாதிரித் தெரிவினம். வெயிலுக்க கிடந்த ரப்பர் பந்து கல்லு மாதிரித் துள்ளும், பந்தின்ர காத்தை ஒருக்காப் பாத்து விடுங்கோ.

ஓட்டப் பரீட்சை, தாண்டல் பரீட்சை எல்லாத்துக்கும் நேரம் செலவழிக்காதேங்கோ. ஈ வேகம் எண்டது தெரிஞ்ச விஷயம்.

கோர்ட்டின்ர 15 மீற்றர் அகலத்தை மூண்டாப் பிரியுங்கோ. அடையாளத்துக்குச் செருப்பு வைச்சாலும் காணும். அந்த 5 மீற்றர் பாதைக்குள்ள ஒருத்தன் கொண்டுபோக வேணும், ஒருத்தன் மறிக்க வேணும். ஆளுக்கு ஆறு தரம், அதில மூண்டு இடக்கையால மட்டும். ஒவ்வொருத்தனையும் இ ஒருக்கா மறிக்கட்டும். 8 செக்கனை ஒருத்தர் சத்தமா எண்ணுங்கோ. பேந்து நான் சொன்ன மூலையில ரெண்டு பேரை வைச்சு ட்ரப்.

அடுத்தது ஃப்ரீ த்ரோ, களைச்ச காலோட. கோர்ட்டை நாலு தரம் நீளப்பாட்டுக்கு ஓடி வந்து ரெண்டு ஷொட், திரும்ப ஓடி வந்து ரெண்டு. பத்துச் சுத்தில 20 ஷொட். ஆறுதலா நிண்டு அடிக்கிற ஃப்ரீ த்ரோ ஒண்டும் சொல்லாது. மட்ச் முடியிற நேரம் ஒருத்தனும் ஆறுதலா நிக்கிறதில்லை.

மிச்ச நேரம் முழுக்க 3க்கு 3, பாதிக் கோர்ட்டில. அந்த 6'4" சென்ரர் கட்டாயம் வர வேணும். ஒவ்வொரு கார்டும் அவனோட ஒரே அளவு நேரம் விளையாடட்டும். கார்ட் எத்தினை அடிச்சான் எண்டு எழுதாதேங்கோ. சென்ரருக்குப் பந்து எந்த இடத்தில, எந்த உயரத்தில கிடைச்சது எண்டு எழுதுங்கோ. நெஞ்சுக்கு மேல, கூடைக்குக் கிட்ட, ஓடி வாற திசையில கிடைச்சால் சரி. முழங்காலில கிடைச்சால் அது பாஸ் கணக்கில வராது.

பழைய பலகை அண்ணை, ஃபுல்ற்ஸின்ர கணக்குச் சரி. ஆனா ஆளுக்கு தோள்பட்டைப் பக்க நரம்பு நெரியிற வருத்தம் எண்டு 2018 கடைசியில கண்டுபிடிச்சவை. ஃப்ரீ த்ரோ முன்கூட்டியே சொல்லிச்சுது எண்டு முழுக்கச் சொல்லேலாது.

பழைய பலகை:

ஒத்துக்கொள்கிறேன், தனி ஒரு ஆளை வைத்து நிறுவ முடியாது. மக்சி பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இ விடயத்தில் ஒன்று கவனியுங்கள். 17 வயதில் உயரமும் மறிப்பும் இருக்கும் ஆளைக் கார்டாக்குவது நல்ல முதலீடு, ஆனால் இந்த வருடமே பந்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் ட்ரிபிள் இடுப்புக்கு மேலே எழும்பிக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு குள்ளக் கார்டும் கீழால் தட்டிப் பறிப்பான். நாளுக்கு 15 நிமிடம் இரண்டு பந்தை ஒரே நேரத்தில், முழங்கால் உயரத்தில் தட்டட்டும், கண் கூடையில். இப்போதைக்கு அவர் வேலை எதிராளியின் நல்ல கார்டை மறிப்பது, அ தடுக்கப்படும்போது நடுவில் வந்து வாங்குவது. அவ்வளவுதான்.

சோளகம்:

அ கட்டாயம், அதில எனக்கும் மறுப்பில்லை. தும்புத்தடியில ஆ தப்பினால் ரெண்டாவது இடம் அவனுக்கு, இயை ஏ.எல் முடியும் வரை பயிற்சிக்கு மட்டும் வைச்சிருங்கோ. தப்பாட்டி நீங்கள் சொன்னபடி இ. ஆனா அப்பவும் மூலையில நிண்டு அடிக்க ஒரு ஃபோர்வேர்டைப் பழக்காமல் விட்டியளெண்டால் அந்த 2-3 ஸோன் உங்களை 40 புள்ளிக்கு மேல போக விடாது. ஈயை விளையாட விட்டே ஆக வேணும் எண்டு கமிற்றி நிண்டால், பெஞ்சில இருந்து கால்பகுதிக்கு மூண்டு நிமிஷம், பந்து அவன் கைக்கு வலப்பக்கம் மட்டும் வாற மாதிரி.