ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகள்: நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

தோவாளை வட்டாரம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை

2022-இல் தமிழ்நாடு அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து நடத்தச் சொன்னார்கள். அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. கையேடு இருக்கிறது, பயிற்சி நூல் இருக்கிறது. ஆனாலும் எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை பொருந்தும் என்பது வகுப்பில் நிற்கும்போதுதான் பிடிபடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசிரியர்கள் அவரவர் வகுப்பில் செய்து பார்த்ததை இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். நான் தொடங்குகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, வீட்டில் பூ கட்டுகிறவர்கள். வாக்கியக் கணக்கு என்றாலே பென்சிலை வைத்துவிடுவாள். ஒருநாள் பேச்சுவாக்கில், "மக்ளே, பிச்சி கால் கிலோ 150 ரூபான்னா முக்கால் கிலோ எவ்வளவு?" என்று கேட்டேன். "நானூத்தம்பது" என்று பட்டென்று வந்தது பதில். கூடவே, "முகூர்த்த நாள்ல அந்த வெலைக்குக் கிட்டாது டீச்சர்" என்றாள். அவளுக்குத் தடை கணக்கில் இல்லை, வாசிப்பில். அதுவரை தமிழில் அரும்பு என்பதால் கணக்கிலும் ஒற்றை இலக்கக் கூட்டலையே செய்துகொண்டிருந்தாள்.

இப்போது பாடத்துக்குப் பாடம் குழுவை மாற்றுகிறேன். வாக்கியக் கணக்கை யாராவது ஒரு பிள்ளை உரக்க வாசிக்கும், கேட்டுவிட்டு அவள் போடுவாள். இன்னொரு செயல்பாடும் எங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. கரும்பலகையில் "விடை 24. கணக்கு என்ன?" என்று மட்டும் எழுதிவிடுவேன். ஒருத்தன் புளியங்கொட்டையை எண்ணி வைத்து 20-உம் 4-உம் என்பான். ஒருத்தி 6-ஐ நாலு தடவை என்பாள். நன்றாகப் போடுகிற பிள்ளை 100-இல் 76 போனால் என்று எழுதும், 48-இல் பாதி என்று எழுதும். கேள்வி ஒன்றுதான், தனித்தனிப் பயிற்சித்தாள் எதுவும் வேண்டாம். யார் எந்த அளவுக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

குளச்சல் பக்கம், நான்காம் வகுப்பு ஆசிரியர்

டீச்சர் சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் சூழ்நிலையியலையும் கணக்கையும் சேர்த்து நடத்திய ஒரு பாடத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடற்கரையும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால் நமக்கு மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் நிறுத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அப்பா வீட்டில் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இந்தத் தடை கிடையாது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதக் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டேன். முதல் குழு அதில் சின்னமுட்டம் தடை நாட்களுக்கு நீலமும் குளச்சலுக்குச் சிவப்பும் அடித்து எண்ண வேண்டும். இரண்டாவது குழுவிடம் காலண்டர் கிடையாது. எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை வைத்துக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது குழு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படகுகள் நிற்பது எத்தனை நாள், ஒரே மாவட்டத்தில் ஏன் இரண்டு தேதி என்று யோசித்து, வீட்டில் பெரியவர்களிடம் கேட்பதற்குக் கேள்விகள் எழுத வேண்டும்.

கூட்டிய குழு குளச்சலுக்கு 61 என்று சரியாகச் சொன்னது, சின்னமுட்டத்துக்கு 60 என்றது. ஏப்ரலுக்கு 30-இல் 15 போனால் 15, மே 31, ஜூன் 14. வர்ணம் அடித்த குழு இரண்டுக்கும் 61 என்றது. கூட்டியவர்கள் விடவில்லை, "நீங்க எண்ணுனது தப்பு" என்று சத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. வர்ணம் அடித்த ஒரு பையன், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன், காலண்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழுவிடம் போய் 15-ஆம் தேதியில் விரலை வைத்தான். "பதினஞ்சாந் தேதியே போட்டு போவாதுல்லா? அப்போ அதயும் சேக்கணும்லா?" என்றான். ஏப்ரலில் 15 அல்ல, 16 நாள். கூட்டிய குழு அவனுடைய தாளைச் சுற்றி நின்று திரும்ப எண்ணியது. மூன்றாவது குழுவுக்கும் அவன் தாள்தான் உதவியது. நீலமும் சிவப்பும் ஒரே கட்டத்தில் விழுந்த நாட்கள் ஜூன் 1 முதல் 14 வரை, மொத்தம் 14.

அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவின் வேலையும் அடுத்த குழுவுக்குத் தேவைப்படுகிற மாதிரிதான் திட்டமிடுகிறேன். எளிய வேலை என்று ஒரு குழுவுக்கு ஒதுக்கி, அவர்கள் முடித்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்துபோகும்.

விளவங்கோடு வட்டம், ஈராசிரியர் பள்ளி

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். நான் ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு மூன்று நிலை என்றால் ஒன்பது குழு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம்தான். நிலைக்கு ஒரு செயல்பாடு தயாரிக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

நான் செய்வது ஒன்றுதான். ஒரே கதையை மூன்று அளவில் எழுதிச் சார்ட்டில் ஒட்டுகிறேன். படத்தோடு ஒற்றை வரிகள், ஒரு சிறிய பத்தி, முழுக் கதை. எந்த வகுப்புப் பிள்ளையும் எந்தச் சார்ட் முன்னாலும் உட்காரலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முழுக் கதையைப் படித்தால் படிக்கட்டும். முடிவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அந்தப் பாட்டி அப்படிச் செய்தது சரியா?" ஒற்றை வரி படித்த பிள்ளைக்கும் கதை தெரியும், அதனால் அதுவும் கை தூக்கும். வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் சிலர் எங்களிடம் உண்டு. அவர்கள் முதலில் பேசட்டும், அவர்கள் சொல்வதை நான் கரும்பலகையில் தமிழில் எழுத, அதையே அவர்கள் வாசிப்பார்கள். தான் சொன்ன வரி என்பதால் வாசிக்கத் தயங்குவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

ஈராசிரியர் பள்ளி டீச்சருக்கு: ஒன்பது குழு வேண்டாம் அம்மா. வகுப்பை மறந்து நிலையை மட்டும் பாருங்கள், மூன்று குழுவில் முடிந்துவிடும். நீங்கள் சார்ட்டில் செய்வது அதேதான்.

2007-இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த காலத்தில் நான் வகுப்பில் இருந்தேன். பாடப் படிகளைக் காட்டும் ஏணிப் படமும் ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டைகளும் பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகையும் பலருக்கு நினைவிருக்கும். அவரவர் வேகத்தில் போகலாம், காய்ச்சலில் விடுப்பு எடுத்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். அது பெரிய நன்மை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அட்டையோடு பிள்ளை தனியாகிவிட்ட வகுப்புகளையும் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரு விஷயத்தைப் பேசுகிற நேரம் குறைந்தது. குளச்சல் சார் சொன்ன அந்தச் சண்டை, 60-ஆ 61-ஆ என்பது, அட்டையில் வராது. பிரித்து வேலை கொடுங்கள், ஆனால் பாட ஆரம்பத்திலும் முடிவிலும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள்.

குலசேகரம் பக்கம், ஒரு தாய்

நான் டீச்சர் இல்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியும் முன்னே போய்விடுவேன், மகன் ஸ்கூலுக்குக் கிளம்புவதை மாமியார்தான் பார்க்கிறார். ஒருநாள் ராத்திரி அவன், "அம்மா, நான் அரும்பு. அரும்புன்னா படிக்கத் தெரியாதவன்" என்றான். யாரும் அவனைத் திட்டவில்லை, டீச்சரும் நல்லவர்தான். கூடப் படிக்கிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் எத்தனை ஷீட், எவ்வளவு எடை என்று அவனுடைய அப்பாவுக்குக் கணக்குச் சொல்கிற பிள்ளை. இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதினேன்.

தோவாளை வட்டாரம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை

எழுதியதற்கு ரொம்ப நன்றி அக்கா. எழுதாமல் இருந்திருந்தால்தான் நஷ்டம். நிலையின் பெயர் ஆசிரியரின் பதிவேட்டுக்கு மட்டும் போதும். வகுப்பில் அதை உரக்கச் சொல்லத் தேவையே இல்லை. என் வகுப்பில் குழுக்களுக்கு வாழைப்பழப் பெயர்: மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி. அதிலே உயர்ந்தது தாழ்ந்தது கிடையாது, வாரா வாரம் ஆட்களும் மாறுவார்கள். நிலைப்படி பிரிக்காமல் கலந்து உட்கார வைக்கிற நாட்களும் உண்டு. உங்கள் மகன் ஷீட் கணக்குச் சொல்வதை அவனுடைய டீச்சரிடம் ஒருமுறை சொல்லுங்கள். நேரில் போக முடியாவிட்டால் போனிலாவது சொல்லுங்கள். அந்தத் தகவல் எந்த மதிப்பீட்டிலும் எங்களுக்குக் கிடைக்காது.

வட்டார வள மையச் சிறப்பாசிரியை

மாற்றுத்திறன் பிள்ளைகள் உள்ள வகுப்புகளுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். செயல்பாட்டை விளக்கும்போது நான்கைந்து கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லுங்கள், செய்யட்டும், அடுத்ததைச் சொல்லுங்கள். பக்கத்திலேயே படமும் வரைந்து வையுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்காக இப்படிச் செய்யச் சொன்ன வகுப்பில், கவனம் சிதறுகிற மற்றப் பிள்ளைகளும் என்ன செய்வது என்று திரும்பக் கேட்காமலே வேலையைத் தொடங்கினார்கள். எழுத முடியாத பிள்ளை சொல்லிக் காட்டலாம், வரைந்து காட்டலாம், பொருளை எடுத்து வைத்துக் காட்டலாம். கற்றதைக் காட்டுகிற வழி மாறினால் கற்றது குறைந்துவிடாது.

விளவங்கோடு வட்டம், ஈராசிரியர் பள்ளி

தலைமையாசிரியர் ஐயா சொன்னபடி மூன்று குழுவாக ஆக்கிப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பில் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்து கொடுப்பது எனக்கும் பிடிக்கவில்லை, அவர்களுக்கும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அவர்களை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு "விடை 24" மாதிரி ஐந்து கேள்வி தயாரிக்கச் சொல்லப் போகிறேன். குளச்சல் சார், அந்தக் காலண்டர் தாளைப் படம் எடுத்துப் போட முடியுமா? எங்கள் பக்கம் கடல் இல்லை, ஆனால் மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்கிற நாட்களை வைத்து அதே வேலையைச் செய்யலாம்.