மூன்றில் ஒரு பங்கு பயிர் அழிந்தால்தான் நிவாரணமா?

வயல்வரப்பு:
2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, குறைந்தபட்ச நிவாரண அளவை வகுக்கச் சொல்கிறது. இருபது வருஷம் கழித்து அளவு என்ன? 2022-26 விதிகளில் பயிர்ச் சேதத்துக்கு, பாசன நிலமானால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்கு 6,900கூட வராது. நாற்று, நடவு, அடியுரம் எல்லாம் போட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் மூழ்கினால் இது எந்த மூலைக்கு? 33 சதவீதச் சேதம் என்று எழுதினால்தான் அதுவும்.

கருவூலம்:
அது இழப்பீடு இல்லை, இடுபொருள் மானியம், அதாவது விதை, உரம் போன்றவற்றுக்கான உதவி. அடுத்த விதைப்புக்கான கைத்தாங்கல். விளைச்சல் போனதற்குப் பயிர்க் காப்பீடுதான். 2015 வரை வரம்பு 50 சதவீதமாக இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய மாற்றம் பணம் வரும் வழியில்தான். 1990இல், மத்திய, மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் 9ஆவது அறிக்கைப்படி பேரிடர் நிவாரண நிதி வந்தது. 2010இலிருந்து அது மாநிலப் பேரிடர் மீட்பு நிதி. அதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90. புயல் அடித்தபின் டெல்லிக்குக் கையேந்தாமல் முதல் நாளே செலவு செய்யலாம்.

வயல்வரப்பு:
முதல் நாளே செலவு செய்யலாம், சரி. கணக்கெடுப்பு முதல் நாளே நடக்கிறதா? மழை விட்டு, தண்ணீர் வடிந்தபிறகுதான் விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) வேளாண் அலுவலரும் வருகிறார்கள். அதற்குள் சாய்ந்த பயிரில் பாதி நிமிர்ந்திருக்கும். தூரத்தில் பச்சையாகத் தெரியும். கதிரைக் கையில் உதிர்த்தால் பதராக இருக்கும், அடியில் கிடந்த நெல் முளைவிட்டிருக்கும். வரப்பில் நின்று பார்த்து எழுதினால் 33 வராது. அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிப் பதிவேட்டில், நிலக்காரர் பெயர் இருந்தால் பணம் அவர் கணக்குக்குப் போகும், உழுத குத்தகைக்காரருக்கு ஒன்றுமில்லை.

கருவூலம்:
குத்தகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் விதியைவிடக் கூடுதலாகக் கொடுக்க மாநிலத்துக்குத் தடையில்லை, சொந்த நிதியில் கொடுக்கவேண்டும். மாநில நிதி போதாமல் மத்திய அரசிடம் கேட்கும்போதுதான் சிக்கல்: கோரிக்கை மனு, மத்தியக் குழு ஆய்வு, தேசிய செயற்குழுவின் துணைக்குழு, கடைசியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு. ஒப்புதலான தொகையிலும் மாநில நிதியின் ஆண்டுத் தொடக்க இருப்பில் 50 சதவீதத்தைக் கழிப்பார்கள்.

கரையோரம்:
இருவரும் வெள்ளத்துக்குப் பிந்தைய பணத்தையே பேசுகிறீர்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 பைலின் புயலுக்கு முன் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள், சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. உயிர்களைக் காத்தது தங்குமிடமும் எச்சரிக்கையும் ஒத்திகையும். சேதத்தை முன்கூட்டியே குறைப்பதற்கான தணிப்பு நிதி 2005 சட்டத்திலேயே உண்டு. தேசியத் தணிப்பு நிதியை மூன்று மாதத்தில் அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டும், 2021இல்தான் அமைந்தது. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழுக் கணக்கில் 80 சதவீதம் மீட்புக்கு, 20 தணிப்புக்கு. காவிரி டெல்டாவில் அந்த 20ஐ வடிகால்களில் போடவேண்டும். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலால்தான் ஐந்து நாள் தண்ணீர் நிற்கிறது. இரண்டு நாளில் வடிந்தால் பயிர் பெரும்பாலும் பிழைக்கும்.

வயல்வரப்பு:
வடிகால் வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடிக்கவேண்டும், மழையில் தூர்வாரினால் கரையில் போட்ட மண் திரும்ப உள்ளே சரியும். ஆனால் வடிகால் சரியாகும்வரை குத்தகைக்காரரை விட்டுவிட முடியாது. சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் ஏற்ற வெள்ளம் வரவேண்டியதில்லை, நடவு முடிந்த வாரமே போதும்.