புதுப்பிப்பு: உயர பயத்துக்கான விஆர் அமர்வில் குமட்டல் (தீர்ந்தது)

உயர பயத்துக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) வழியாக வெளிப்பாட்டுச் சிகிச்சை (பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது) தரும்போது, ஐந்தாவது நிமிடமே சிகிச்சை பெறுபவருக்குக் குமட்டல் வந்துவிடுகிறது, அது பதற்றமா கருவிக் கோளாறா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோளாறு கருவிப் பக்கம்தான்.

முதலில் லென்ஸ் இடைவெளி. நாங்கள் பயன்படுத்தும் குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செட்டில் 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள். சிகிச்சை பெறுபவரின் கண்மணி இடைவெளி 59. கருவியோ 68-ல் கிடந்தது. 58-க்கு மாற்றியதும் மங்கலும் கண்வலியும் போயின. குமட்டல் பாதிதான் குறைந்தது.

மீதியைத் தீர்த்தது, "ஜாய்ஸ்டிக்கால் நடக்க விடாதீங்க" என்ற யோசனை. கண்ணுக்கு நகர்வு தெரிகிறது, உள்காதுக்குத் தெரிவதில்லை. அந்த முரண்தான் குமட்டுகிறது. இப்போது தளத்துக்குத் தளம் தாவல் முறை (நடக்காமல் காட்சி நேராக அடுத்த தளத்துக்கு மாறுவது), மாடத்தின் விளிம்புக்கு மட்டும் சொந்தக் காலால் இரண்டடி. 20 நிமிடமும் முழுதாக ஓடுகிறது. மின்விசிறி வைக்கச் சொன்ன யோசனையால் பெரிய வித்தியாசமில்லை.

எதிர்பாராதது ஒன்று: குமட்டல் போனதும் பதற்ற மதிப்பெண் (0–100) 45-லிருந்து 70-க்கு ஏறியது! முன்பெல்லாம் அவர் பார்வை தொடுவானத்திலேயே நின்றிருக்கிறது, கீழே போகவே இல்லை. தவிர்த்தல்தான், வேறென்ன. ஹெட்செட் காட்சியை டிவியில் காஸ்ட் செய்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. "கீழே தெருவில் சிவப்பு வண்டி எத்தனை, எண்ணுங்க" என்று வேலை கொடுத்த பிறகு, நான்காம் அமர்வின் முடிவில் 35.

குமட்டலுக்குத் தனியாக 0–10 என ஒரு மதிப்பெண்ணும் ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறிக்கிறோம். இரண்டையும் ஒரே எண்ணில் கேட்டதால்தான் முதலில் குழப்பம்.