டி கோல் உயிர் தப்புவார் என்று தெரிந்தே படித்தேன்

வணக்கம். மெய்யான வரலாற்றின் மேல் எழுப்பப்பட்ட அரசியல் புதினங்களில் தங்களை ஆட்கொண்ட ஒன்றைப் பற்றி நண்பர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். என் பங்கிற்கு, ஃபிரெட்ரிக் ஃபோர்சைத் எழுதிய ‘த டே ஆஃப் த ஜக்கால்’ புதினத்தை முதன்முறை படித்த நாள்களைப் பற்றிச் சொல்கிறேன். 1994ஆம் ஆண்டில் நான் சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப் பணியில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை முகாமிலிருந்து வீடு திரும்பும் வழியில், பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் இருந்த பழைய புத்தகக் கடையொன்றில் அதை இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். முதுகு வெடித்து, தாள்கள் தேநீர்க் கறை படிந்ததைப் போலப் பழுப்பேறியிருந்த பிரதி அது. எனக்கு முன் அதை வைத்திருந்த யாரோ ஒருவர் பெயர்கள் வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடிட்டிருந்தார்.

முதல் அத்தியாயம் பாரிஸில் ஒரு மார்ச் மாத விடியலில், துப்பாக்கிப் படையின் முன் நிறுத்தப்படும் ஓர் அதிகாரியோடு தொடங்குகிறது. அவர் பெயர் பாஸ்தியான் தீரி. பிரெஞ்சு விமானப் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த பொறியாளர். 1963ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி உண்மையாகவே சுட்டுக் கொல்லப்பட்டவர். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி மாலை, பாரிஸின் புறப்பகுதியான பெத்தி கிளாமாரில், பிரெஞ்சு அதிபர் டி கோல் தம் மனைவியுடனும் மருமகனுடனும் சென்ற சிட்ரோயன் காரை மறித்துச் சுடுவதற்குத் திட்டமிட்டவர் அவர்தாம். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன, டயர்கள் கிழிந்தன, ஆயினும் ஓட்டுநர் காரை நிறுத்தாமல் செலுத்திச் சென்றதால் உள்ளே இருந்த ஒருவருக்கும் உயிர்ச்சேதம் நேரவில்லை.

அந்தக் கொலைவெறி எங்கிருந்து வந்தது என்பதை விளக்கும் பக்கங்களைத்தான் நான் இன்றைக்கும் விரும்பித் திரும்பப் படிக்கிறேன். அல்ஜீரியாவை பிரான்ஸின் ஒரு பகுதியாகவே கருதிய படை அதிகாரிகள் பலர், அதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பியே 1958இல் டி கோல் மீண்டும் ஆட்சிக்கு வருவதை ஆதரித்தார்கள். அவரோ நான்கே ஆண்டுகளில், 1962 ஜூலையில், அல்ஜீரியா தனி நாடாவதற்கு வழிவிட்டார். தாங்கள் வஞ்சிக்கப்பட்டோம் என்று கருதியவர்கள் ஓஏஎஸ் என்ற இரகசிய ஆயுத அமைப்பில் திரண்டார்கள். அவர்கள் செய்தவற்றை நியாயப்படுத்த நான் ஒருபோதும் முனைய மாட்டேன். ஆனால் வில்லனுக்கு வெறும் பேராசையைக் கொடுத்துவிட்டு மேலே செல்லும் கதைகளைப் படித்துப் பழகிய எனக்கு, கொலையாளிகளின் சினத்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் எட்டாண்டுப் போர் நிற்பதைக் கண்டபோது, புதினம் என்பதற்கே வேறொரு கனம் வந்ததுபோல் இருந்தது.

டி கோல் கொல்லப்படவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஃபோர்சைத் 1970இன் தொடக்கத்தில் இதை எழுதியபோது அவர் உயிரோடுதான் இருந்தார்; ஓய்வு பெற்று, கொலம்பே கிராமத்திலிருந்த தம் வீட்டில் வாழ்ந்து வந்தார். ஆகவேதான் பதிப்பாளர்கள் சிலர், முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று கைப்பிரதியைத் திருப்பியனுப்பினார்கள். 1971இல் நூல் வெளிவந்தபோது அவர்கள் கணிப்பு பிழையாகப் போயிற்று. நான் படித்தவரையில், ‘நடக்குமா, நடக்காதா’ என்ற கேள்வியை ஆசிரியர் முதல் பக்கத்திலேயே நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறார். அதனால் நம் கவனம் முழுவதும் கடவுச்சீட்டு, தொலைபேசி உரையாடல், ஹோட்டல்களில் விருந்தினர் நிரப்பும் பதிவு அட்டை ஆகியவற்றின் மேல் படிகிறது. டி கோலைக் கொல்ல ஓஏஎஸ் கூலிக்கு அமர்த்தும் ‘ஜக்கால்’ என்ற கொலையாளியைத் தேடும் போலீஸ் ஆய்வாளர் லெபெல், வீரதீரம் எதையும் காட்டாமல், மேசையும் தொலைபேசியும் கோப்புமாகவே அவனை நெருங்குகிறார்.

இங்கே ஒரு காட்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கொலையாளி தனக்கென்று செய்வித்த துப்பாக்கியை பெல்ஜியத்தின் ஆர்தென் காட்டுக்குக் கொண்டுசென்று, ஒரு முலாம்பழத்தை வலைப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டு, தொலைவை அடியளந்து நின்று சுடுகிறான். சுட்டபின் நடந்துபோய்ப் பழத்தில் துளை விழுந்த இடத்தைப் பார்க்கிறான், திரும்பி வந்து குறிநோக்கியின் திருகைச் சிறிது திருப்புகிறான், மறுபடியும் சுடுகிறான். அதைப் படிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பாசிர் லாபாவில் நாங்கள் எம்16 ரைபிளை ‘ஸீரோ’ செய்யப் பழகியிருந்தோம். சுடுவதும், குண்டுகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று தாளைப் பார்ப்பதும், ஒரு ‘கிளிக்’ திருப்பிவிட்டு மீண்டும் படுத்துச் சுடுவதும் எவ்வளவு சலிப்பூட்டும் வேலை என்பதை என் முழங்கைகள் அறியும். அந்தச் சலிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே அச்சத்தை ஏற்றியிருந்தார் ஆசிரியர். கடைசிக் குண்டு பட்டு அந்தப் பழம் சிதறும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

படித்து முடித்தபோது அந்தக் கொலையாளியும் உண்மையில் வாழ்ந்தவன் என்றே உறுதியாக நம்பினேன். அடுத்த விடுமுறையில், இன்று இல்லாமற்போன ஸ்டாம்ஃபர்ட் ரோடு தேசிய நூலகத்துக்குச் சென்று அவனைப் பற்றிய நூல் வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த நூலகர் அம்மையார் சிரிக்கவில்லை. டி கோலின் வாழ்க்கை வரலாற்றையும் அல்ஜீரியப் போரைப் பற்றிய நூலொன்றையும் எடுத்துக் கொடுத்து, “முதலில் இதில் இருப்பவர்களைத் தேடிப் பாருங்கள், தம்பி” என்றார். மாலைவரை தேடினேன். அவன் எங்கும் இல்லை. அதே வேளையில், ஆசிரியர் இட்டுக்கட்டியது என்று நான் ஒதுக்கியிருந்த செய்தி ஒன்று அங்கே இருந்தது. ஓஏஎஸ் தலைவர்களில் ஒருவரான கர்னல் அர்கூ 1963 பிப்ரவரியில் மூனிக்கில் கடத்தப்பட்டு, பாரிஸில் ஒரு வேனுக்குள் கட்டிப்போட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது முற்றிலும் நடந்த நிகழ்ச்சி. நம்பியது கற்பனையாகவும் நம்பாதது உண்மையாகவும் மாறிய அந்தப் பிற்பகலின் வியப்பை நான் மறக்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்று தெரிந்தேதான் நாம் ‘பொன்னியின் செல்வ’னைப் படிக்கிறோம். உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. கல்வெட்டு மௌனமாகும் அந்த இடத்தில்தான் கல்கி நுழைகிறார். ஃபோர்சைத்தும் அப்படியே, பாஸ்தியான் தீரியின் மரணத்தோடு ஆவணம் ஓயும் இடத்தில் தம் கற்பனையைத் தொடங்குகிறார்.

என் மேசையில் அந்தப் புத்தகம் கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, எதைப் பற்றியது என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இங்கேயும்தான் வெடிச்சுதுய்யா, மெக்டானல்ட் ஹவுஸ்ல” என்றார். சிங்கப்பூரையும் உள்ளடக்கியிருந்த மலேசியாவை எதிர்த்து இந்தோனீசியா நடத்திய மோதலின்போது, 1965 மார்ச் 10ஆம் தேதி பிற்பகலில், இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் இருவர் சாதாரண உடையில் வந்து ஆர்ச்சர்ட் ரோட்டிலுள்ள அந்தச் செங்கல் கட்டடத்தில் வைத்த குண்டு மூவரின் உயிரைக் குடித்தது. குறைந்தது 33 பேர் காயமுற்றார்கள். அதைப் பள்ளிப் பாடமாக நான் அறிந்திருந்தேன். அப்பா அப்போது அருகிலிருந்த அலுவலகமொன்றில் கடிதம் கொண்டுசெல்லும் பையனாக வேலை பார்த்தார் என்பதையோ, சாலை முழுக்கக் கண்ணாடித் தூள் கிடந்ததால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பதையோ நான் அறிந்திருக்கவில்லை. அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

2015இல் அந்தக் கட்டடத்துக்கு எதிரே, டோபி காட் கிரீனில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துச் சென்றேன். அவர் கல்லில் இருந்ததைப் படித்துவிட்டு, சாலையின் மறுபுறம் கையை நீட்டி, சைக்கிளை மீண்டும் தரையில் இறக்கிய இடத்தைக் காட்டினார்.

அந்த மோதல் காலத்துச் சிங்கப்பூரைக் களமாகக் கொண்டு தமிழில் இப்படியொரு புதினம் வந்திருந்தால் நண்பர்கள் எனக்குத் தெரிவியுங்கள். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் வாசித்துக் காட்ட வேண்டும்.